ஒட்டிக்கொண்ட சொற்கள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

லைப்ஸிக்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு பாளையங்கோட்டை வீட்டுக்கே திரும்பிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. கண் அறுவை முடிந்த சூட்டோடு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாய். டாக்டர் சொன்ன நாள்வரை கண்ணுக்கு ஓய்வு கொடு. பதில் மெதுவாக வந்தால் போதும். இங்கே நாங்கள் இருவரும் நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது. மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடுவதால் படிக்க நிறைய நேரம் கிடைக்கிறது.

எனக்குப் பெரிய சந்தோஷம் உன் மகளைப் பற்றிய செய்திதான். நர்சிங் முடித்துவிட்டு இங்கே வேலைக்கு வர ஜெர்மன் படிக்கிறாள், பி1 தேர்வு நெருங்குகிறது, ராத்திரியெல்லாம் வினைச்சொற்களை உருப்போடுகிறாள் என்று எழுதியிருந்தாய். ‘ஷ்டேயன்’ என்றால் நில். அதற்கு முன்னால் ‘ஃபெர்’ போட்டு ஃபெர்ஷ்டேயன் என்றால் புரிந்துகொள். பெஷ்டேயன் என்றால் தேர்ச்சி பெறு. எண்ட்ஷ்டேயன் என்றால் உருவாகு. கெஷ்டேயன் என்றால் குற்றத்தை ஒப்புக்கொள். அவுஃப்ஷ்டேயன் என்றால் எழுந்திரு. முன்னால் இரண்டெழுத்து மாறினால் பொருள் ஊர் தாண்டிப் போய்விடுகிறதே, இதில் ஏதாவது ஒழுங்கு உண்டா என்று ஒரு தமிழாசிரியனாகவே நீ கேட்டிருந்தாய். உண்டு. ஆனால் அதைப் பிடிக்கக் கொஞ்சம் பின்னோக்கி நடக்க வேண்டும்.

முதலில் உனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். அவஸ்தை, சமஸ்தானம், பிரதிஷ்டை, அனுஷ்டானம், நிஷ்டை, கோயில் கட்டடக் கலையில் வரும் அதிஷ்டானம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வடமொழியின் ‘ஸ்தா’, நில் என்ற வினை. முன்னால் நிற்பவை அவ, சம், பிரதி, அனு, நி, அதி. அந்த ‘ஸ்தா’வும் உன் மகள் உருப்போடும் ‘ஷ்டேயன்’னும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இங்கே அவள் படும் அவஸ்தையை அங்கே வடமொழி மாணவர்கள் பல நூற்றாண்டுகளாகப் பட்டிருக்கிறார்கள். அதற்கென்றே ஒரு பழைய சுலோகம் உண்டு: உபசர்க்கம், அதாவது முன்னொட்டு, வினையின் பொருளை வலுக்கட்டாயமாக வேறிடத்துக்கு இழுத்துப் போகிறது, பிரஹாரம், ஆஹாரம், சம்ஹாரம், விஹாரம், பரிஹாரம் போல என்று. அடி, சாப்பாடு, அழிவு, உலாவுதல், நீக்குதல். ஐந்துக்கும் வேர் ஒன்றே. நாம் இவற்றை முழுச் சொல்லாக வாங்கிக்கொண்டதால் ஆகாரம் என்னும்போது ‘ஆ’ தனி என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

இந்த முன்னொட்டுகளுக்குத் தனியாகப் பொருள் உண்டா என்ற கேள்வியும் புதிதல்ல. வேதச் சொற்களுக்கு விளக்கம் சொல்லும் யாஸ்கரின் நிருக்தத்தில் 2000 ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு வாதம் பதிவாகியிருக்கிறது. தனியே பிரித்தால் அவற்றுக்குப் பொருள் இல்லை, பெயரிலும் வினையிலும் உள்ள பொருளைத் துலக்கிக் காட்டுகின்றன என்றார் சாகடாயனர் என்ற இலக்கண ஆசிரியர். இல்லை, பலவகைப் பொருள் அவற்றுக்கே உண்டு என்றார் கார்க்கியர். இன்றைய மொழியை மட்டும் பார்த்தால் சாகடாயனர் பக்கம் சாயத் தோன்றும். ஆனால் பழைய பனுவல்களைப் பார்க்கப் பார்க்க நான் கார்க்கியர் பக்கம் வந்துவிட்டேன். அவை ஒரு காலத்தில் தனிச்சொற்களாக நடமாடியவை. வேத மொழியிலேயே உபசர்க்கம் வினையை விட்டு விலகி, இடையில் வேறு சொற்கள் இருக்க, தனியே நிற்கும். ஹோமரின் கிரேக்கத்திலும் அப்படித்தான். பிற்காலத்தில்தான் இரண்டு மொழிகளிலும் அவை வினையோடு ஒட்டிக்கொண்டன.

ஜெர்மானிய மொழிகளில் இதற்குச் சாட்சி, இன்று வழக்கொழிந்துவிட்ட காத்திக் மொழி. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் விவிலியத்தை அதில் மொழிபெயர்த்தார். அதன் புகழ்பெற்ற பிரதி சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது: ஊதா நிறம் ஏற்றிய தோல் ஏடுகள், வெள்ளியிலும் பொன்னிலும் எழுத்துகள், 6ஆம் நூற்றாண்டின் கைவேலை. மத்தேயு 9:28இல் பார்வையற்ற இருவரிடம் இயேசு கேட்கிறார்: இதைச் செய்ய என்னால் முடியும் என்று நம்புகிறீர்களா? ‘நம்பு’ என்பதற்குக் காத்திக் சொல் ‘கலவ்ப்யன்’. முன்னால் உள்ள ‘க’ முன்னொட்டு. நம் ‘ஆ’ போல ஒரு வினா இடைச்சொல் அவர்களுக்கும் உண்டு; அது ‘உ’. அதை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ‘க-உ-லவ்ப்யட்ஸ்’. முன்னொட்டுக்கும் வினைக்கும் நடுவில்! கடைசியில் உள்ள ‘ட்ஸ்’ இருவரைக் குறிக்கும் விகுதி, காத்திக்கில் இருமை உண்டு. மாற்கு 8:23இல் இன்னும் துணிச்சல். பெத்சாயிதாவில் பார்வையற்ற ஒருவனிடம் ஏதாவது தெரிகிறதா என்று கேட்கும் இடத்தில் ‘க-உ-ஹ்வ-செஹ்வி’ என்று வருகிறது. ‘பார்’ என்ற வினைக்கும் அதன் முன்னொட்டுக்கும் நடுவே ‘ஆ’வும் ‘ஏதாவது’வும் சேர்ந்தே உட்கார்ந்துவிட்டன. இரண்டுமே பார்வை பெறுகிறவர்களைப் பற்றிய கதைகளாக அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அதில் தனிப் பிரியம். ஒட்டு இன்னும் காயவில்லை, ‘க’ இன்னும் அரைகுறைத் தனிச்சொல்தான் என்பதை இந்த இரண்டு இடங்களும் அப்பட்டமாகக் காட்டிவிடுகின்றன.

அந்தக் ‘க’தான் இன்றைய ஜெர்மனின் ‘கெ’. அதன் பழைய பொருள் கூட, சேர்ந்து. மலை ‘பெர்க்’, மலைத்தொடர் ‘கெபிர்கெ’. பயணம் போவது ‘ஃபாரன்’, வழித்துணை ‘கெஃபேர்டெ’. ஒரே கூடத்தில் தங்குகிறவன் ‘கெசெல்லெ’. காத்திக்கில் ‘கஹ்லைபா’ என்று ஒரு சொல் உண்டு: ‘ஹ்லைஃப்ஸ்’ ரொட்டி, ஆங்கில ‘லோஃப்’ அதன் உறவு. ரொட்டியைப் பகிர்ந்து உண்பவன், அதாவது தோழன். இதை அச்சாக வைத்துத்தான் லத்தீனில் சேர்ந்து என்ற ‘கொம்’மும் ரொட்டி என்ற ‘பானிஸ்’ஸும் கூடி ‘கம்பேனியன்’ பிறந்தது என்பது பல அறிஞர்களின் கருத்து. ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்ட நம்மைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எனக்கு அகப்படவில்லை.

‘சேர்ந்து’ எப்படி இறந்தகாலக் குறியானது என்று கேட்பாய். மாஹன் செய், கெமாஹ்ட் செய்யப்பட்ட. எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்தால் வேலை முழுமையாகிறது. முழுமை என்பது முடிவு. முடிந்தது என்றால் இறந்தகாலம். பொருள் நகர்ந்த பாதை இதுவாக இருக்கலாம். பின்னாளில் இதே லைப்ஸிகில் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ஷ்ட்ரைட்பெர்க், 1891இல் காத்திக்கின் ‘க’ ரஷ்ய மொழியில் போல வினை முற்றுப்பெற்றதைக் காட்டுகிறது என்று வாதிட்டார். அது அவ்வளவு கறாரான விதி அல்ல என்று பின்வந்தவர்கள் மறுத்தார்கள். எனக்குப் பிடித்த சான்று இடைக்கால ஜெர்மனில் இருக்கிறது. அப்போது வா, கண்டுபிடி, கொண்டுவா, சந்தி, ஆகு ஆகிய வினைகளின் இறந்தகால எச்சத்துக்குக் ‘கெ’ போடமாட்டார்கள். ஏன்? வருதல், கண்டடைதல் எல்லாம் தம் இயல்பிலேயே ஒரு நொடியில் முடியும் செயல்கள். முடிந்ததைக் காட்ட அவற்றுக்குத் தனிக் குறி வேண்டியிருக்கவில்லை. இன்றும் செயப்பாட்டு வாக்கியத்தின் கடைசியில் ‘கெவோர்டன்’ வராமல் ‘வோர்டன்’ என்றே வருவது அந்தப் பழைய வழக்கின் மிச்சம். உன் மகளின் புத்தகத்தில் அது விதிவிலக்கு என்று அச்சிட்டிருக்கும். அவளிடம் சொல், அது விதிவிலக்கல்ல, மூத்த விதி.

அடுத்து நடந்தது தேய்மானம். ஒட்டிய சொல் அழுத்தம் இழந்து உயிரெழுத்தைப் பறிகொடுக்கிறது. ‘கலவ்ப்யன்’ இன்று ‘கிளவ்பன்’. பழைய ‘க’ ஒற்றை மெய்யாகச் சுருங்கிப்போயிற்று. அதிர்ஷ்டத்துக்கு ஜெர்மனில் ‘கிளூக்’, முன்பு ‘கெலூக்கெ’. தங்கு என்ற ‘பிளைபன்’, முன்பு ‘பெலீபன்’. தேய்ந்ததை மக்கள் மறந்துவிடுகிறார்கள். மறந்ததால் இன்னொரு தடவை போடுகிறார்கள். ‘கிளவ்பன்’னின் எச்சம் ‘கெகிளவ்ப்ட்’, உள்ளே இரண்டு ‘கெ’. சாப்பிடு என்ற ‘எசன்’னின் எச்சம் முதலில் கெ-எசன் சேர்ந்து ‘கெசன்’ ஆனது. அதில் ‘கெ’ இருப்பது யாருக்கும் தெரியாமல் போனதும் ‘கெகெசன்’ ஆக்கினார்கள். இன்று எல்லா ஜெர்மானியரும் சாப்பிட்டேன் என்று சொல்லும்போது ஒரே முன்னொட்டை இரண்டு முறை சொல்கிறார்கள்.

அதே ‘எசன்’னுக்கு இன்னொரு கதை. காத்திக்கில் ‘ஃபிரா’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘ஃபிரைதன்’ என்றால் தின்று தீர். அது ஜெர்மனில் ‘ஃபிரெசன்’ ஆயிற்று. மாடும் நாயும் தின்பதற்கு அந்தச் சொல், மனிதனைச் சொன்னால் வசை. ஆங்கிலத்தில் அதே சொல் ‘ஃபிரெட்’. ஒரு காலத்தில் விழுங்கித் தின்பதைக் குறித்தது, இப்போது கவலைப்படுவதை. கவலை அரிக்கிறது என்று நாமும் சொல்கிறோமே, அதே நோக்கு. அந்த ‘ஃபிரா’ நம் பிரயாணத்தில் வரும் ‘பிர’வின் உடன்பிறப்பு. காத்திக்கில் ‘ஃபிரா’, ‘ஃபைர்’, ‘ஃபௌர்’ என்று மூன்று தனித்தனி முன்னொட்டுகள் இருந்தன. ஜெர்மனில் மூன்றும் ‘ஃபெர்’ என்ற ஒற்றை வடிவத்துக்குள் அடங்கிவிட்டன. ‘ஃபெர்’ என்றால் என்ன பொருள் என்று எந்த ஆசிரியராலும் ஒரே வரியில் சொல்ல முடியாததற்குக் காரணம் இது. சில இடத்தில் அழிவு, சில இடத்தில் முன், சில இடத்தில் முற்றாக.

ஆங்கிலத்தில் ‘கெ’யின் கதி வேறு. பழைய ஆங்கிலத்தில் அதை ‘யெ’ என்று உச்சரித்தார்கள். பிறகு வெறும் ‘இ’ ஆகி, கடைசியில் காணாமல் போயிற்று. போதும் என்ற ‘இனஃப்’பின் முதலெழுத்தும் ‘ஹேண்டிவொர்க்’ நடுவில் உள்ள ‘இ’யும் அதன் மிச்சங்கள். ‘பிலீவ்’ முன்பு ‘யெ’ போட்ட சொல்தான். அதைத் தூக்கிவிட்டுப் ‘பெ’ போட்டுக்கொண்டார்கள். 1630இல் ஆங்கிலக் கவிஞர் மில்டன் பழமையின் அழகுக்காக அந்த ‘இ’யை எழுப்பி, இறந்தகால எச்சத்துக்கு உரியதை நிகழ்கால எச்சத்துக்கு முன்னால் ஒட்டினார். ஒரு முன்னொட்டு எவ்வளவு முழுசாக மறக்கப்படலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம். வடக்கே ஸ்காண்டிநேவியாவில் அழுத்தமற்ற முன்னொட்டுகள் ஆங்கிலத்துக்கு முன்பே உதிர்ந்துவிட்டன. பக்கத்து வீட்டுக்காரனை சுவீடிஷில் ‘கிரன்னெ’ என்கிறார்கள். முதல் மெய் மட்டும் பழைய ‘க’, மிச்சம் வீடு என்ற சொல். பிற்பாடு ஹன்ஸா என்ற வணிகக் கூட்டமைப்பின் வணிகர்கள் பேசிய, வட ஜெர்மனியின் ‘கீழ் ஜெர்மன்’ மொழி வழியாக ‘பெ’யும் ‘ஃபோர்’உம் அங்கே திரும்ப இறக்குமதி ஆயின. சுவீடிஷில் பணம் செலுத்து என்பதும் புரிந்துகொள் என்பதும் அப்படி வந்த சொற்கள். தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிகான்ஸில் நேர் எதிர். பழைய இறந்தகால வடிவங்கள் ஏறக்குறைய எல்லாமே மறைந்து, ‘கெ’யே இறந்தகாலத்தைத் தாங்குகிறது.

இனி உன் மகளுக்குப் பயன்படும் விஷயம். ஜெர்மானிய மொழிகளில் அழுத்தம் சொல்லின் முதலசைக்கு வந்து நிலைத்த காலத்தில், பெயர்ச்சொற்களோடு முன்னொட்டு ஏற்கெனவே ஒட்டிவிட்டிருந்தது. வினையோடு இன்னும் ஒட்டவில்லை. அதனால் பெயரில் முன்னொட்டுக்கு அழுத்தம் கிடைத்து முழுசாக நின்றது. வினையில் அழுத்தம் வினைக்குப் போய் முன்னொட்டு மெலிந்தது. விடுமுறை ‘ஊர்லவ்ப்’, அனுமதி கொடு ‘எர்லவ்பன்’. ‘ஊர்’உம் ‘எர்’உம் ஒரே முன்னொட்டின் இரண்டு வடிவங்கள். விடுமுறை என்றால் போகக் கிடைத்த அனுமதி. அந்த ‘லவ்ப்’ இருக்கிறதே, அது ‘கிளவ்பன்’னில் உள்ளதேதான். ஆங்கிலத்தில் ‘பிலீவ்’, அன்பு என்ற ‘லவ்’, அனுமதி என்ற ‘லீவ்’ மூன்றும் அதே குடும்பம். நீ முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் போட்ட லீவு அதுதான். வடமொழியில் அதே வேர் ‘லுப்’, அதிலிருந்து நம் லோபமும் லோபியும். ஆசைப்படு, விரும்பு என்ற ஒரு வேர் முன்னொட்டுக்கு முன்னொட்டு நம்பிக்கையாகவும் அனுமதியாகவும் விடுமுறையாகவும் ஆகியிருக்கிறது. ஒன்றும் ஒட்டாமல் நம்மிடம் வந்த இடத்தில் பேராசையாயிற்று.

ஆகவே காதால் படிக்கச் சொல். பெ, கெ, எர், ஃபெர், எண்ட் எல்லாம் அழுத்தமில்லாதவை, மூத்தவை, வினையை விட்டுப் பிரியாதவை. இவற்றுக்கு எச்சத்தில் இன்னொரு ‘கெ’ வராது. அவுஃப், அன், அவுஸ், மிட் எல்லாம் அழுத்தம் பெற்றவை, இன்னும் தனிச்சொற்களாகவும் உயிரோடிருப்பவை. வாக்கியத்தில் கழன்று கடைசிக்கு ஓடும். ஒரே சொல்லில் இரண்டும் நடக்கும். ‘உம்ஃபாரன்’ என்பதில் ‘உம்’மை அழுத்தினால் வண்டியால் இடித்துத் தள்ளுவது, ‘ஃபா’வை அழுத்தினால் இடிக்காமல் சுற்றிப் போவது. ஆஸ்பத்திரியில் வேலை செய்யப்போகிறவளுக்கு இந்த வேறுபாடு காதில் ஏறியிருப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் மாலை ஏழுக்கு என்னை அழைக்கச் சொல், சொற்குடும்பங்களை ஒவ்வொன்றாகச் சேர்ந்து படிக்கலாம்.

உன் கடிதத்தில், நம் மொழியில் இந்தத் தொல்லை இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தாய். முன்னால் இல்லை, அது உண்மை. ‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்று தொல்காப்பியம் சொல்லும் சுட்டும், வினா எழுத்தும் தவிர, முன்னால் ஒட்ட நம்மிடம் பெரிதாக ஒன்றுமில்லை. 1856இல் உங்கள் இடையன்குடி கால்டுவெல்லும் திராவிட மொழிகளில் இவ்வகை உறவுச் சொற்கள் பின்னால்தான் வரும் என்று எழுதிவைத்தார். ஆனால் அதே வேலையை நாம் வாலில் செய்கிறோம். ஜெர்மானியர் ‘ஃபெர்’ போட்டு ‘ஃபெர்ட்ரிங்கன்’ என்பதை நாம் குடித்தே அழித்தான் என்கிறோம். ‘ஃபிரா’ செய்ததைத் தின்று தீர்த்தான் என்பதில் ‘தீர்’ செய்கிறது. தேய்மானமும் அப்படியே. வந்துவிட்டான் என்பது பேச்சில் வந்துட்டான் ஆகும்போது ‘விடு’வில் என்ன மிஞ்சியது என்று பார். ஆனால் வந்தேவிட்டான், வந்தும்விட்டான் என்று நடுவில் ஏகாரமும் உம்மையும் புக இன்னும் இடமிருக்கிறது. காத்திக்காரனின் ‘க-உ-லவ்ப்யட்ஸ்’ செய்வதும் அதுவே. அவன் சொல்லின் தலைப்பக்கத்தில் அந்த இடைவெளி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மூடிக்கொண்டது. நம் சொல்லின் வால்பக்கத்தில் இப்போது நம் காதுகேட்க மூடிக்கொண்டிருக்கிறது. ‘வந்துட்டான்’ சொல்கிற பையனைத் திருத்துவதற்கு முன்னால் இதை ஒருமுறை நினைத்துப்பார்க்கச் சொல்லி உன் பழைய மாணவர்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களிடம் சொல்வாயா?

இதில் உன் உதவி எனக்கு வேண்டும். அஃறிணையை அல் + திணை என்று நீ பிரித்துச் சொன்னது கல்லூரி நாளிலிருந்து எனக்கு நினைவிருக்கிறது. அப்படி முன்னால் ‘அல்’ ஒட்டி, பிறகு பிரித்துப் பார்க்காமலே புழங்கும் வேறு பழஞ்சொற்கள் என்னென்ன? எதிர்கொள், மேற்கொள், கைவிடு, முன்வா போன்றவை சங்கப் பாடல்களில் நடுவே இடைச்சொல் புகுந்து பிரிந்து வரும் இடங்கள் உனக்குத் தட்டுப்பட்டிருந்தால் அவற்றையும் குறித்து வை. மறுவாழ்வு, நுண்ணுயிர், மீள்பார்வை, பன்னாடு என்று இன்றைக்கு எழுதுகிறவர்கள் ‘மறு’வையும் ‘நுண்’ணையும் ஏறக்குறைய முன்னொட்டாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். இவற்றைப் பட்டியல் போடத் தொடங்கியிருக்கிறேன். உன் குறிப்புகள் வந்ததும் அதோடு சேர்த்து உனக்கே அனுப்புகிறேன், திருத்தித் தா.

அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைக்கு என் ஆசி.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் தோழன்